தாலி கொடுத்து வாங்கிய தூபம்!

திருக்கடையூருக்குப் போனவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். பிராகாரம் முழுக்க ஹோமப் புகை, வரிசை வரிசையாகக் கலசங்கள். நரைத்த தலையோடு அறுபது வயது மாப்பிள்ளை, பக்கத்தில் பட்டுப்புடவையும் வெட்கமுமாக மணப்பெண். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சூழ்ந்து நிற்க, மறுபடியும் ஒரு மாங்கல்ய தாரணம்! மார்க்கண்டேயருக்காக எமனையே உதைத்த காலசம்ஹாரமூர்த்தியின் தலம் அல்லவா? தாலி பாக்கியம் வேண்டிப் பெண்கள் தேடி வரும் சந்நிதிகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

இதே ஊரில்தான், ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்பத்தலைவி தன் தாலியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். கணவர் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே! வீட்டில் காசில்லை. குழந்தைகளுக்குச் சோறில்லை. அதை மாற்றி நெல் வாங்கி வரும்படி அனுப்பினார்.

கணவர் நெல் வாங்கி வரவில்லை.

அந்தக் கணவர்தான் அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான குங்குலியக் கலய நாயனார். சிவாலயங்களில் வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரை நாம் வேகமாக வலம் வந்துவிடுகிறோம். அடுத்த முறை இவர் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இவருக்குப் பின்னால், சிலை இல்லாமல் ஒருவர் நிற்கிறார்.

கலயர் அந்தண மரபில் திருக்கடவூரில் பிறந்தவர். திருக்கடையூரின் பழைய பெயர்தான் திருக்கடவூர். தேவர்கள் அமிர்த கடத்தை வைத்த இடம் என்பதால் கடவூர். கடம் என்றாலும் குடம், கலயம் என்றாலும் குடம்தான். ஊர்ப் பெயரும் இவர் பெயரும் ஒரே பொருளாக அமைந்திருப்பது ஓர் அழகு. அப்பர் பெருமானும் ஞானசம்பந்தரும் வாழ்ந்த 7-ஆம் நூற்றாண்டே இவருடைய காலமும். இருவருமே இவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வந்த சுந்தரர், அடியார்களையெல்லாம் வணங்கிப் பாடியபோது, கலயரை ஊர்ப் பெயரோடு சேர்த்தே குறிப்பிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இவர் வரலாற்றை விரிவாகப் பாடினார்.

கலயர் எடுத்துக்கொண்ட கைங்கரியம் ஒன்றே ஒன்று. அமிர்தகடேஸ்வரருக்குக் குங்குலிய தூபம் போடுவது. குங்குலியம் என்பது மரத்திலிருந்து வடியும் பிசின். இன்றும் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கனன்று கொண்டிருக்கும் தணலில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். வெண்புகை எழுந்து, கருவறை முழுக்க வாசனை சூழ்ந்துகொள்ளும்.

கேட்பதற்குச் சின்னப் பணி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பூமாலை கட்டினால் மறுநாள் வரையாவது சுவாமி மேல் இருக்கும். விளக்கு போட்டால் எண்ணெய் தீரும் வரை எரியும். தூபம்? போட்ட சில நிமிடங்களில் காற்றோடு போய்விடும். மறுபடியும் போட வேண்டும், நாளையும் போட வேண்டும். ஒரு நாள் நிறுத்தினால் அன்றைக்கு மணம் இல்லை. செலவு மட்டும் நின்றபாடில்லாத ஒரு கைங்கரியம் அது!

அந்தச் செலவு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் குடும்பத்தில் வறுமை வந்து சேர்ந்தது. கலயர் தூபத்தை நிறுத்தவில்லை. நல்ல விளைநிலத்தை விற்றார். அந்தக் காலத்தில் வீட்டில் ஆளடிமைகள் இருப்பது வழக்கம், அவர்களையும் விற்றார். நிலம் போன பிறகு நெல் எங்கிருந்து வரும்? ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் விற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் பிள்ளைகள் உண்டு, சுற்றத்தாரும் உண்டு. இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இரண்டு நாள் பட்டினி என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் பசித்த குழந்தை எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். முதல் வேளை அழும், இரண்டாம் வேளை அடம் பிடிக்கும். அதற்குப் பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துவிடும். அந்த மௌனம்தான் தாயால் தாங்கவே முடியாதது.

கலயரின் மனைவி பிள்ளைகளைப் பார்த்தார். சுற்றத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தில் இருந்த தாலியைக் கழற்றினார். அதைக் கணவர் கையில் வைத்து, இதைக் கொடுத்து நெல் வாங்கி வரும்படி சொன்னார். அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கலயர் அந்தத் தாலியைக் கேட்கவில்லை. விற்றதெல்லாம் அவருடைய கையில் இருந்தவற்றை மட்டும்தான். மனைவியின் கழுத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததாகக்கூடப் புராணத்தில் இல்லை. கொடுத்தது முழுக்க முழுக்க அந்த அம்மையாரின் முடிவு. கணவர் வாய்விட்டுக் கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளாமல், தானாகவே முன்வந்து கொடுத்தார்.

பணமில்லாத புருஷனுக்குப் பெண்டாட்டி உதவுவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். வளையல் அடகுக் கடைக்குப் போகாத குடும்பம் எத்தனை இருக்கும்? கொடுப்பது பெரிதல்ல, எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் சிரமம். கொடுக்கும்போதே ஒரு பெருமூச்சு வந்துவிடும். அந்த நிலம் இருந்திருந்தால் என்று ஒரு பேச்சு எழும். என் கழுத்துவரைக்கும் வந்துவிட்டதே என்று கண் கலங்கும். இதில் ஒன்று போதும், வாங்குகிறவர் குன்றிப் போய்விடுவார். அந்த அம்மையாருக்கு இவை அத்தனையும் சொல்ல நியாயம் இருந்தது. நிலத்தை விற்றுத் தூபம் போட்டது சரியா என்று கேட்டிருந்தால் ஊரே அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் கேட்கவில்லை. நெல் வேண்டும் என்று மட்டும் சொன்னார். சேக்கிழார் இந்த இடத்தில் அவரைக் காதல் மிகுந்த மனைவி என்கிறார். பொறுமை, கற்பு என்று எத்தனையோ சொற்கள் இருக்க, காதல் என்ற சொல்லைப் போட்டதுதான் அருமை!

கலயரும் நெல் வாங்கத்தான் கிளம்பினார். அதில் சந்தேகமே இல்லை. போகிற வழியில் எதிரே ஒரு வணிகன் பொதியோடு வந்தான். அது என்ன பொதி என்று கலயர் விசாரித்தார். குங்குலியம் என்றான் அவன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கலயரின் முகம் மலர்ந்துவிட்டது. தேடிப் போக வேண்டிய பொருள் தானாகவே எதிரில் வந்து நிற்கிறதே! இதைவிடப் பாக்கியம் உண்டா? பொன் தருகிறேன், எனக்குக் கொடு என்றார். என்ன தருவீர் என்று வணிகன் கேட்க, கையில் இருந்த தாலியை நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு பொதியைக் கொடுத்தான். கலயர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கோயிலுக்கு ஓடினார். பண்டாரத்தில் அந்தக் குங்குலியத்தைச் சேர்த்துவிட்டு, இறைவனை நினைத்தபடி அங்கேயே இருந்துவிட்டார்.

படிக்கும் உங்களுக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். வராவிட்டால்தான் ஆச்சரியம். பிள்ளைகள் பசியோடு இருக்க, அவர்களுக்காகத் தாய் கழற்றிக் கொடுத்த பொன்னைப் புகையாக்கலாமா? கலயரின் பக்தியைப் போற்றும் உபந்நியாசகர்கள் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்து, குபேரன் வரும் கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிக் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். சேக்கிழார் கடக்கவில்லை. கலயர் கோயிலில் பரவசமாக இருந்ததைச் சொன்ன கையோடு, நம்மை அந்த வீட்டுக்கே அழைத்துப் போகிறார்.

இருட்டிவிட்டது. போனவர் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருக்கும். கழுத்தோ வெறுமை. பிள்ளைகள் பசியோடு களைத்து உறங்கிவிட்டார்கள். அவர்கள் பக்கத்திலேயே அந்த அம்மையாரும் வாட்டத்தோடு படுத்தார். இந்த வாட்டத்தைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அவர் தெய்வப் பெண்ணாக, பசியே அறியாதவராகப் புன்னகைத்துக்கொண்டு இருக்கவில்லை. சாதாரணத் தாயாக வருந்தினார்.

அமிர்தகடேஸ்வரர் முதலில் தூபம் போட்டவரிடம் போகவில்லை. தாலி கொடுத்தவரிடம்தான் போனார்!

அளகாபுரி மன்னனான குபேரனுக்குக் கட்டளை பிறந்தது. அந்த வீட்டில் பொன்னும் நெல்லும் மற்றச் செல்வங்களும் மலைபோலக் குவிந்தன. உறக்கத்தில் இருந்த அம்மையாரின் கனவில் இறைவன் தோன்றி இதைத் தெரிவித்தார். திடுக்கிட்டு எழுந்து பார்க்கிறார்... வீடு நிறைந்து கிடக்கிறது. கைகூப்பித் தொழுதார். அடுத்த காரியம் என்ன தெரியுமா? எடுத்து அணிந்துகொள்ளவில்லை, எண்ணிப் பார்க்கவில்லை. கணவருக்கு அமுது சமைக்கக் கிளம்பினார்.

நெல் வாங்கப் போய்த் திரும்பாத கணவர்! எங்கே போனார், தாலி என்னவாயிற்று, ஒன்றும் தெரியாது. ஆனால் அவரும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதன் பிறகே கோயிலில் இருந்த கலயருக்கு அருள் கிடைத்தது. மிகவும் பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ப் பாலும் சோறும் உண்டு துன்பம் தீர்வாய் என்று இறைவன் உணர்த்தினார். கட்டளையை மீற முடியாமல் அவர் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் நுழைந்தவருக்குத் திகைப்பு. இத்தனை செல்வமும் எப்படி வந்தது என்று மனைவியைக் கேட்டார். நீலகண்டப் பெருமானின் அருள் என்றார் அவர். கலயர் கைகூப்பி வணங்கினார்.

தாலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அது திரும்பக் கிடைத்ததா, புதிதாக ஒன்று செய்துகொண்டார்களா, சேக்கிழார் அதையும் பாடவில்லை. வீடு முழுக்கப் பொன் இருக்கும்போது அது ஒரு கேள்வியா என்று நினைத்தாரோ என்னவோ! நமக்கு மனது கேட்காது. அந்தக் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறாவது ஏறியதா என்று தேடத்தான் செய்யும்.

இந்த இடத்தில் சுந்தரர் கதை ஞாபகம் வருகிறது. அங்கே எல்லாம் தலைகீழ். திருவாரூரில் பரவையார் பங்குனி உத்திரத் திருவிழாவில் தாராளமாகச் செலவு செய்பவர். அவர் கைக்குப் பொன் வேண்டும் என்று சுந்தரர் திருப்புகலூருக்குப் போய், செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, அது பொன்னாக மாறக் கண்டார். பிரியமானவளுக்காக இறைவனிடமே போய்க் கேட்டு வாங்கியவர் சுந்தரர். கலயர் வீட்டில் இருவருமே இறைவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் தூபத்துக்குக் கேட்கவில்லை, இவர் சோற்றுக்குக் கேட்கவில்லை. தங்களிடம் இருந்ததைத்தான் கொடுத்தார்கள்.

திருப்பனந்தாளில் நடந்தது

கலயர் வாழ்வின் அடுத்த கட்டம் கும்பகோணத்தை அடுத்த திருப்பனந்தாளில் நடந்தது. அந்தத் தலத்தில் தாடகை என்ற பெண் தினமும் சிவலிங்கத்துக்கு மாலை சாத்தி வழிபட்டு வந்தாள். (ராமாயணத்துத் தாடகை வேறு, இவள் வேறு.) ஒரு நாள் மாலையைக் கையில் எடுத்து நிற்கும்போது சேலை நெகிழ்ந்தது. கையைக் கீழே விட்டால் மாலை விழும். விடாவிட்டால் மானம் போகும். இரண்டு முழங்கைகளாலும் சேலையை இடுக்கிக்கொண்டு அவள் தவித்தபோது, அந்தத் தவிப்புப் பொறுக்காமல் சுவாமி தானே தலையைச் சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டார். தாடகையீச்சரம் என்றே அந்தக் கோயிலுக்குப் பெயர் வந்தது.

சாய்ந்த லிங்கம் சாய்ந்தபடியே இருந்தது. நிமிர்ந்த திருக்கோலத்தைக் காண ஆசைப்பட்டார் சோழ மன்னர். யானைகளைப் பூட்டி இழுத்தும் லிங்கம் அசையவில்லை. மன்னர் கவலையில் ஆழ்ந்தார்.

செய்தி கேட்டுக் கலயர் பனந்தாளுக்கு வந்தார். இழுத்து இழுத்துச் சோர்ந்து கிடந்த படைகளைப் பார்த்தார். இவர்கள் பட்ட இந்த இளைப்பை நானும் பட வேண்டாமா என்றுதான் அவருக்குத் தோன்றியது. நிமிர்த்திக் காட்டுகிறேன் பார் என்ற எண்ணம் இல்லை. லிங்கத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுத்தார். கழுத்து இறுகி, அவர் இளைத்துப் போன அந்தக் கணத்தில் சுவாமி நிமிர்ந்துவிட்டார்! மன்னர் கலயரின் காலில் விழுந்தார்.

சேக்கிழாருக்கு முன்பே நாயன்மார்களைப் பற்றி அந்தாதி பாடிய நம்பியாண்டார் நம்பி, கலயரைப் பற்றிச் சொல்லத் தேர்ந்தெடுத்தவை இரண்டே செய்திகள். ஒன்று, கழுத்தில் கட்டிய இந்தக் கயிறு. மற்றொன்று, காதலி கொடுத்த தாலி. கழுத்துக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டவர் இவர். திருப்பனந்தாளில் கயிறு இறுகியபோது கலயருக்கு வீட்டு நினைப்பு வந்திருக்குமா? அதைக் கேட்டுச் சொல்ல யாரும் இல்லை.

சில நாள் பனந்தாளில் தங்கியிருந்துவிட்டு அவர் கடவூர் திரும்பினார். பழையபடி தூபப் பணி தொடர்ந்தது. வந்த செல்வத்தை அடியார்களுக்கு அமுது படைப்பதில் செலவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஞானசம்பந்தரும் அப்பரும் ஒன்றாகத் திருக்கடவூருக்கு வந்தார்கள். ஊரெல்லையில் போய் எதிர்கொண்டு அழைத்து வந்தார் கலயர். அவர் வீட்டிலேயே இருவருக்கும், உடன் வந்த அடியார்களுக்கும் அறுசுவை விருந்து. ஒரு காலத்தில் இரண்டு நாள் எரியாமல் கிடந்த அதே வீட்டின் அடுப்பு! இலை போட்டு, நெய் ஊற்றிப் பரிமாறிய கைகளில் அந்த அம்மையாரின் கையும் இருந்திருக்கும்.

அவர் பெயர் என்ன என்று கேட்பீர்கள். சேக்கிழார் சொல்லவில்லை. இளையான்குடி மாறநாயனாரின் மனைவிக்கும் அப்படித்தான். கொட்டும் மழையில் நள்ளிரவில் அடியார் வந்து நிற்க, அன்று காலை வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொன்னவர் அந்த அம்மையார். அவருக்கும் பெரியபுராணத்தில் பெயர் இல்லை. கையில் ஒன்றுமில்லாத கணவருக்கு வழி காட்டிய இரண்டு பெண்கள். இருவரையும் கணவர் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அது ஒரு குறைதான்.

கலயர் பல காலம் இப்படித் தொண்டு செய்து சிவபதம் அடைந்தார். ஆவணி மாத மூல நட்சத்திரம் அவருடைய குருபூஜை நாள். மதுரையில் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கொண்டாடுவதும் ஆவணி மூலத்தில்தான்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் 20 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது திருக்கடையூர். அமிர்தகடேஸ்வரர், அபிராமி அம்பாள், காலசம்ஹாரமூர்த்தி தரிசனம் முடிந்ததும் அறுபத்து மூவர் வரிசையில் கலயரைத் தேடிப் பார்த்து வணங்குங்கள். திருப்பனந்தாள், கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் அணைக்கரைக்கு முன்பாக வரும். சுவாமி பெயர் செஞ்சடையப்பர், அம்பாள் பெரியநாயகி. பனைதான் அங்கே தல விருட்சம். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டையும் தரிசித்துவிடலாம். போகும்போது நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் குங்கிலியம் வாங்கிக்கொள்ளுங்கள்.